கேடயத்தில் முகம் இருக்கிறது, தொகுப்பில் கட்டுரைகள் இல்லை

விருதுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், முழுத்தொகுப்பின் பதிப்பாசிரியர்களுக்கும்,

உங்கள் விருதுக்குப் பெயர் தந்த சிறுகதையாசிரியரின் படைப்புகளைச் சென்ற மாதம் முழுத்தொகுப்பாக வெளியிட்டீர்கள். அதன் நான்காம் தொகுதியில், 212ஆம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்தப் பொருளைப் பற்றி இதே தொகுதியிலுள்ள இன்னொரு கட்டுரையில் விரிவாக எழுதியிருப்பதாகவும், வாசகர் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றும் ஆசிரியர் அங்கே சொல்கிறார். தேடிப் போனால் அந்தக் கட்டுரை இல்லை. பொருளடக்கத்தில் இல்லை, பின்னிணைப்பில் இல்லை, விடுபட்டவற்றின் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் அப்படியொரு பட்டியலே நீங்கள் தரவில்லை. என்னிடமுள்ள பழைய பதிப்பில் இந்தத் தொகுதிக்கு 23 கட்டுரைகள். உங்கள் பதிப்பில் 20. எடுக்கப்பட்ட மூன்றும் எவை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டுரைகளை எடுத்த கை அடிக்குறிப்பை எடுக்க மறந்துவிட்டது.

அவருடைய பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால், அவர் நல்லவரா கெட்டவரா என்ற வழக்காக இது சுருங்கிவிடும். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் உங்களிடம்தான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் பெயரிலான விருதை எனக்குக் கொடுத்தீர்கள். அவருடைய முகம் புடைப்பாக வார்க்கப்பட்ட பித்தளைக் கேடயம் அன்றிலிருந்து என் வீட்டு நடுக்கூடத்தில் இருக்கிறது. அதை வாங்கிய நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது மறைத்துச் சொல்ல மாட்டேன். பதினான்கு வயதில் அவருடைய ஒரு கதையைப் படித்துவிட்டுத்தான் எனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இறந்துபோன மகனின் செருப்பை ஒரு கிழவர் தினமும் காலையில் துடைத்து வாசலில் வைக்கிறார், சாயங்காலம் எடுத்து உள்ளே வைக்கிறார். கதையில் வேறெதுவும் நடப்பதில்லை. ஒரு நாள் மழை வருகிறது, அவர் தூங்கிப்போகிறார், செருப்பு நனைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த நனைந்த செருப்பை அவர் கையில் எடுக்கும் பத்தியை இன்றைக்கும் என்னால் சத்தமாகப் படித்து முடிக்க முடியாது.

விருது வாங்கி இரண்டு ஆண்டு கழித்து, பழைய சிற்றிதழ்களின் கட்டு ஒன்றை ஒரு நண்பர் என்னிடம் கொடுத்தார். அதில்தான் அந்த மூன்று கட்டுரைகளில் முதலாவதைப் படித்தேன். நான் பிறந்த மக்களைப் பற்றிய கட்டுரை அது. அவர்களுக்குப் பார்த்துச் செய்ய வருமே தவிரப் படைக்க வராது என்பதும், அவர்களுடைய பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பது மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு என்பதும் அதன் சாரம். கோபத்தில் கொட்டிய வார்த்தைகளாக இருந்திருந்தால் கடந்துபோயிருப்பேன். செருப்புக் கதையை எழுதிய அதே பொறுமையோடு, அதே அளவான சொற்களில், ஒரு அடைமொழிகூட மிகையில்லாமல் எழுதப்பட்டிருந்தது. படித்துக்கொண்டு வரும்போது நடை நன்றாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியதையும், தோன்றிய மறுகணம் எனக்கு வந்த அருவருப்பையும் இங்கே பதிவு செய்கிறேன். பின்பு பழைய பதிப்பைத் தேடி வாங்கியபோது மற்ற இரண்டும் கிடைத்தன.

இது குறித்து உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு மூன்று வரியில் பதில் வந்தது: கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்பது அதன் பொருள். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலும் ஒரு நிலைப்பாடாக மதித்தேன். ஆனால் உங்கள் தொகுப்பைப் பார்த்த பிறகு, அந்த நிலைப்பாடு உங்களுக்கே இல்லை என்று தெரிந்துகொண்டேன். கலை வேறு, கலைஞனின் கருத்து வேறு என்று மனதார நம்புகிறவர் கட்டுரைகளை அப்படியே அச்சிட்டிருப்பார். கதைகளுக்கு அவற்றால் என்ன வந்துவிடப்போகிறது? நீங்கள் எனக்குப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, உங்களுக்குப் பிரிக்க முடியாததை ஓசையில்லாமல் எடுத்து ஒளித்திருக்கிறீர்கள்.

அவருடைய கதைகளை நான் இன்னும் படிக்கிறேன். இதைச் சொன்னால் என் நண்பர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது, அவர்களுடைய கோபத்தில் நியாயமும் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒரு கலைஞர் விஷயத்தில் அந்தக் கோபத்துக்குக் கைமேல் காரணம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டின் நாவல் 2013இல் படமாக வந்தபோது பலர் அதைப் புறக்கணிக்கக் கோரினார்கள். தற்பாலினத் திருமணத்தை எதிர்த்து இயங்கிய ஒரு அமைப்பின் ஆட்சிக்குழுவில் அவர் இருந்தவர் என்பதால், தாங்கள் கொடுக்கும் பணம் எங்கே போகும் என்று அவர்களால் கேட்க முடிந்தது. நம்முடையவர் விஷயத்தில் பணம் அவர் கைக்குப் போவதில்லை. ஆகவே இங்கே படிப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வாசகரும் தமக்குத் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டியது. என்னைப்போல் முதலில் கதையையும் பிறகு கட்டுரையையும் படித்தவருக்கு ஒரு பதில் கிடைக்கும். கட்டுரையை முதலில் படித்தவர் கதைப் பக்கமே போகாமல் இருக்கலாம். இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமையை நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் என் முதல் குறை. தெரியாத ஒன்றைப் பற்றி யாராலும் முடிவெடுக்க முடியாது.

2001 ஜூலையில் ஜெருசலேமில் நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். யூதர்களால் போலி செய்யத்தான் முடியும், சொந்தமாக இசை படைக்க முடியாது என்று ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் 1850இல் புனைபெயரிலும், 1869இல் தம் சொந்தப் பெயரிலும் எழுதி வெளியிட்டார். (நம்மவர் அதைப் படித்திருந்தாரா என்று தெரியவில்லை, வாதம் மட்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறது.) 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்ட பிறகு, இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முன்னோடியான இசைக்குழு அவருடைய இசையை வாசிப்பதை நிறுத்தியது. அந்த வழக்கம் தொடர்ந்துவந்த நாட்டில், இசைக்குழு நடத்துனர் டேனியல் பாரன்பாய்ம் அன்றைய நிகழ்ச்சியை முடித்துவிட்டு, அவையினரை நோக்கித் திரும்பி, வாக்னரின் ஒரு பகுதியை வாசிக்கலாமா என்று கேட்டார். சுமார் அரைமணி நேரம் அரங்கத்துக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. சிலர் கத்தினார்கள், சிலர் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்கள், பெரும்பாலோர் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் செய்தது சரியா என்பதில் எனக்கே இரண்டு மனம் இருக்கிறது. ஆனால் அந்த அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் வாக்னர் யார், என்ன எழுதினார் என்பது தெரிந்திருந்தது. இருந்தவரும் தெரிந்தே இருந்தார், போனவரும் தெரிந்தே போனார்.

ஒளித்து வைப்பதால் கலைஞருக்கு நன்மை செய்கிறோம் என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டெயின் கதை அப்படி நினைக்க இடம் தரவில்லை. 1937இல் நாஜிகள் ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். 'சீரழிந்த கலை' என்று பெயர் சூட்டி அவற்றில் பலவற்றைக் காட்சிக்கு வைத்து இழிவுபடுத்தினார்கள். இதனால் போருக்குப் பின் அவர் நாஜிகளால் வேட்டையாடப்பட்ட ஓவியராகவே அறியப்பட்டார். அவரே நாஜிக் கட்சி உறுப்பினராகவும் யூத வெறுப்பாளராகவும் இருந்தார் என்பது பல பத்தாண்டுகள் ஓரத்தில் தள்ளி வைக்கப்பட்டது. ஆவணங்களின் துணையோடு 2019இல் பெர்லினில் நடந்த கண்காட்சி அதை முழுமையாக வெளியே கொண்டுவந்தபோது, அன்றைய பிரதமர் ஆங்கெலா மெர்க்கெலின் அலுவலகத்தில் தொங்கிய இரண்டு நோல்டெ ஓவியங்களும் அங்கிருந்து இறங்கின. இத்தனை காலம் அவரை நேசித்தவர்களுக்கு, அவருடைய வெறுப்பு ஒரு அடி என்றால், அதைத் தங்களிடம் சொல்லாமல் விட்டது இன்னொரு அடி. முதல் அடிக்கு ஓவியர் பொறுப்பு. இரண்டாவதற்கு அவரைப் போற்றிப் பாதுகாத்தவர்கள் பொறுப்பு. நீங்கள் இப்போது செய்திருப்பது இந்த இரண்டாவது வேலை.

கட்டுரைகளைத் திரும்பச் சேர்த்தால் வெறுப்பைப் பரப்பியதாகாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அது நியாயமான கவலைதான். 2018இல் பிரெஞ்சு நாவலாசிரியர் செலினின் யூத எதிர்ப்புப் பிரசுரங்களை மறுபதிப்பாகக் கொண்டுவர எண்ணிய பிரெஞ்சுப் பதிப்பகம் எதிர்ப்பு வலுத்ததும் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஆனால் அந்தப் பதிப்பகம் 'முழுமையான படைப்புகள்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு அவற்றை மட்டும் உருவியெடுத்துவிடவில்லை. இருக்கிறது, வெளியிடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. வெளியிட முடிவு செய்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடின் ஆப்பிரிக்கக் குறுநாவலில் ஆப்பிரிக்கர்களுக்கு மனித மொழியே மறுக்கப்பட்டிருக்கிறது என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் ஒரு பேருரை நிகழ்த்தினார். அந்தப் பேருரை இன்று கான்ராடின் நூலுக்கான ஆய்வுப் பதிப்பொன்றிலேயே சேர்த்து அச்சாகிறது. நூலும் இருக்கிறது, நூலால் இழிவுபட்டவரின் மறுமொழியும் அதே அட்டைக்குள் இருக்கிறது. அச்சிபியைப் படித்த பிறகுதான் நம்மவரின் கதைகளை மறுபடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். நானறிந்தவரை எங்கள் மக்கள் இரண்டு கதைகளில் மட்டும் வருகிறார்கள். இரண்டிலும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். இரண்டிலும் பெயர் இல்லை. கட்டுரைகளைப் படிக்காமல் இருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே கட்டுரைகள் வேறு, கதைகள் வேறு என்று என்னால் முழுதாகச் சொல்லவும் முடியவில்லை. ஒன்றை வைத்துத்தான் மற்றதைச் சரியாகப் படிக்க முடிகிறது.

இனி விருதுக்கு வருகிறேன், ஏனென்றால் என் இரண்டாவது குறை அங்கே இருக்கிறது, அது முதலாவதைவிடக் கனமானது.

ஒரு புத்தகத்தைப் படிப்பது எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் நடப்பது. ஒருவர் பெயரில் விருது கொடுப்பது அப்படியில்லை. இவரைப்போல் இருங்கள் என்று ஒரு சமூகம் தன் எழுத்தாளர்களைப் பார்த்துச் சொல்வது அது. படிப்பதற்கு ஒருவர் நல்லவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மாலை போடுவதற்கு அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நீங்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். எங்களுக்குரிய படிப்பில் கை வைத்தீர்கள், உங்களுக்குரிய மாலையை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

இந்த வேறுபாட்டை மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது பொதுவெளியில் இருக்கிறது. செலின் இறந்த 50ஆவது ஆண்டான 2011இல், பிரான்சின் தேசிய நினைவுகூரல் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றிருந்தது; எதிர்ப்பு வந்ததும் பண்பாட்டு அமைச்சர் அதை நீக்கினார். அதற்காக அவருடைய நாவல்கள் கடைகளிலிருந்து அகற்றப்படவில்லை. க.நா.சு. 'நிலவளம்' என்று தமிழில் தந்த நாவலை எழுதிய நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன், 1920இல் பெற்ற நோபல் பதக்கத்தை 1943இல் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பிவைத்தார். ஹிட்லர் இறந்ததும் அவரைப் புகழ்ந்து செய்தித்தாளில் இரங்கல் எழுதினார். நார்வே அவரைப் படிப்பதை விடவில்லை, ஆனால் 2009இல் அவருடைய 150ஆவது பிறந்த ஆண்டைச் சிறப்பிக்க முற்பட்டபோது அந்தச் சிறப்பு தகுமா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. வாசிப்பும் சிறப்பும் ஒன்றல்ல என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

என் நிலைமைக்கு மிக நெருக்கமானது உலக மிகுபுனைவு விருதின் (World Fantasy Award) கதை. அந்த விருதாக வழங்கப்பட்டது அமெரிக்கத் திகில் கதாசிரியர் எச்.பி. லவ்கிராஃப்டின் தலைச் சிலை. கறுப்பின மக்களை மனிதருக்கும் விலங்குக்கும் இடைப்பட்டவர்களாக வர்ணித்துக் கவிதை எழுதியவர் அவர். 2011இல் நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர் சிறந்த நாவலுக்காக அந்தத் தலையைப் பெற்றார். அந்தக் கவிதையைப் பற்றிப் பிறகுதான் அறிந்தார். அதை உடைத்தெறியுங்கள் என்று அவர் எழுதவில்லை. இந்த வரலாற்றைப் புதைக்காமல் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினார். அதே விருதைப் பெற்ற சைனா மியெவில், சிலையின் முகத்தைத் திருப்பி வைத்திருப்பதாகச் சொன்னார். 2015இல் விருதுக் குழு அந்தச் சிலையைக் கைவிட்டது. லவ்கிராஃப்டின் கதைகள் இன்றும் அச்சில் இருக்கின்றன, படிக்கப்படுகின்றன, அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் அவர் வெறுத்த மக்களும் இருக்கிறார்கள். 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் நூலகப் பிரிவு, பூர்வகுடிகளையும் கறுப்பின மக்களையும் சித்திரித்த விதத்துக்காக சிறார் எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் பெயரைத் தன் விருதிலிருந்து நீக்கியபோதும், யாரும் அவருடைய நூல்களைப் படிப்பதை நிறுத்த வேண்டும் என்று தாங்கள் கேட்கவில்லை என்பதைச் சேர்த்தே சொன்னது. கேடயத்தை மாற்றியதால் இலக்கியத்துக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. பள்ளிப் பாடத்தில் அந்தச் செருப்புக் கதை வந்திருக்கிறது. படித்துவிட்டு வந்து, கேடயத்திலுள்ள மூக்கைத் தடவிப் பார்த்து, "இவர்தானே அம்மா அது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இவருடைய எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றாள். அவளுக்கு உங்கள் புதிய தொகுப்பைக் கொடுத்தால், தன்னைப் போன்ற பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைக்கச் சொன்னவர் இவர் என்பது தெரியாமலேயே, நான் ஏமாந்ததைப் போலவே, அவளும் அவரை நேசிப்பாள். பிறகு என்றைக்கோ ஒரு பழைய இதழ்க்கட்டு அவள் கையிலும் கிடைக்கும். அன்று அவள் அவரை மட்டும் கேட்க மாட்டாள். முகத்தை நடுக்கூடத்தில் வைத்திருந்த என்னையும் கேட்பாள். அதனால் பழைய பதிப்பையே கொடுத்தேன், கதைகளில் தொடங்கு, நான்காம் தொகுதிக்கு வரும்போது என்னிடம் சொல் என்று. அவள் இன்னும் இரண்டாம் தொகுதியில் இருக்கிறாள். பழைய பதிப்பு கிடைக்காத வீடுகளில் இதற்கு வழியில்லை.

அவர் வாழ்ந்த காலம் அப்படி, எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று உங்கள் குழுவில் ஒருவர் மேடையில் பேசியதைக் கேட்டேன். எல்லோரும் எழுதவில்லை. அந்த இதழ்க்கட்டிலேயே, அடுத்த இதழில், அவருடைய கட்டுரையைக் கண்டித்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் அச்சாகியிருக்கிறது. காலம் ஒன்றுதான், அந்த வாசகருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் போக வாய்ப்பில்லை. அந்தக் கடிதத்தின் நகலை இம்மடலோடு உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. எடுக்கப்பட்ட மூன்று கட்டுரைகளையும் அடுத்த அச்சில் சேருங்கள். சேர்க்கும்போது அவை எப்போது எழுதப்பட்டன, அன்றே யார் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்லும் முன்குறிப்பையும், அந்த வாசகர் கடிதத்தையும் உடன் வையுங்கள். அச்சிட முடியாது என்று முடிவு செய்தால், அட்டையிலிருந்து 'முழு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எவை விடப்பட்டன, ஏன் விடப்பட்டன என்று உள்ளே எழுதுங்கள். ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்கு ஒரு தனித்தாள் அச்சிட்டு நூலகங்களுக்கும் கடைகளுக்கும் அனுப்புங்கள்.

விருதுக்கு வேறு பெயர் வையுங்கள். இன்னொரு எழுத்தாளரின் பெயரைத் தேட வேண்டாம். சிறுகதைக்கான விருது என்றாலே போதும். கேடயத்திலிருந்து முகத்தை எடுங்கள். இந்த ஆண்டுக்கான தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால், தேர்வானவருக்கு அறிவிப்புக் கடிதத்தோடு அந்த மூன்று கட்டுரைகளையும் அனுப்பி, படித்த பின் ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க நாள் கொடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை.

இந்த மடலைக் காரணம் காட்டி அவருடைய கதைகளைப் பாடநூலிலிருந்தோ நூலகத்திலிருந்தோ நீக்க யாராவது முயன்றால், நான் அதைக் கேட்கவில்லை என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

என்னிடமுள்ள கேடயத்தை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை. நடுக்கூடத்திலிருந்து எடுத்து, பழைய பதிப்பின் நான்காம் தொகுதிக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்திருக்கிறேன். உங்கள் செயற்குழு அடுத்துக் கூடும்போது இம்மடலைப் பொருள்நிரலில் சேர்த்து, எடுத்த முடிவை, அது எதுவாக இருந்தாலும், எனக்குத் தனியாக எழுதாமல் பொதுவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விருதைப் பெற்றவர்களில் ஒருத்தி